முறுக்குக் குழல்

துப்பாக்கி வாங்கப் போகிறவன் பையிலிருக்கும் பணத்தை எண்ணுவதற்கு முன்னால் தன் கையை அளந்துகொள்ள வேண்டும். கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்தால் ஆள்காட்டி விரலின் நுனி விசையைத் தொட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்றிப் பிறகு கண்ணைத் திறந்தால், குழல் நுனியிலிருக்கும் மணி நேராகத் தெரிய வேண்டும். குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே அரிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு அதை ஒரு விரலில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டினால் கணீரென்று கேட்க வேண்டும். சொத்தென்று கேட்டால் இரண்டு குழல்களையும் சேர்த்திருக்கும் பற்று விட்டுப்போயிருக்கிறது. இதெல்லாம் எனக்கு அத்துப்படி. யாராவது கேட்டால் இன்றைக்கும் சொல்வேன். யாரும் கேட்பதில்லை, அதுவும் நல்லதுதான்.

என் அக்காவின் கணவருக்கு இடது கையில் பெருவிரலுக்கு அடுத்த இரண்டு விரல்கள் இல்லை. அதற்கு நான்தான் காரணம். அது அவருக்குத் தெரியாமல் ஒன்பது வருடம் அவர் வீட்டில் கை நனைத்தேன். இந்த ஒன்பது வருடத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும், ஆனால் துப்பாக்கியில் ஆரம்பித்தால்தான் எனக்கு வாய் வருகிறது.

எழுபதுகளின் பின்பாதி. நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் அப்பாவுக்கு ஜவ்வரிசி ஆலை இருந்தது. வாரம் ஆறு நாள் மரவள்ளிக் கிழங்கு மாவின் புளித்த வாடையில் கிடந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆனால் குளித்து முழுகிச் சேலத்துக்குப் பஸ் ஏறிவிடுவேன். ஊருக்கு வெளியே வற்றிப்போன ஓர் ஏரியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடித் தட்டுச் சுடுவோம், மேலே வீசுகிற மண் தட்டைப் பறக்கும்போதே துப்பாக்கியால் உடைக்கிற விளையாட்டு. ஒரு நூல் மில் முதலாளி, ஒரு பல் டாக்டர், லாரி வைத்திருந்த இரண்டு பேர், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், இப்படிக் கலவையான கூட்டம். மோகனூரில் கரும்பு வைத்திருந்த மச்சானை அங்கே கூட்டிப்போனது நான். கரும்புக் காட்டுக்குக் காவல் என்று சொல்லி அவரும் லைசென்சுக்கு எழுதிப் போட்டிருந்தார். இரண்டு ஞாயிறு வேடிக்கை பார்த்தார். மூன்றாவது ஞாயிறு எனக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் நின்றார்.

வெளிநாட்டில் இதற்கென்றே தார் கலந்து வார்த்த தட்டுகள் உண்டாம். நமக்குக் கட்டுப்படியாகாது. ஒரு குயவரிடம் சொல்லி அகலை விடக் கொஞ்சம் பெரிதாக, மெல்லிசாகச் செய்து சுட்டு வாங்கினோம். சில தட்டுகள் அப்பளமாக நொறுங்கும். சில தட்டுகள் சூளையில் அதிகம் வெந்து, குண்டு பட்டும் உடையாமல் கீழே விழுந்து உருளும், பட்டதா இல்லையா என்று அரை மணி நேரம் சண்டை நடக்கும். தட்டை வீசுகிற எந்திரத்தை நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் செய்து வாங்கினோம். பழைய லாரிப் பட்டைதான் அதற்கு வில். சுடுகிறவர் 'போடு' என்றதும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் நெம்புகோலை இழுக்க வேண்டும். தட்டு விர்ரென்று ஏரிக்கு மேலே போகும்.

எனக்கும் மச்சானுக்கும் சொந்தத் துப்பாக்கி கிடையாது. மில் முதலாளியின் தயவில் சுட்டுக்கொண்டிருந்தோம். தை மாதம் கோயமுத்தூரில் நடக்கவிருந்த போட்டிக்கு அவரவர் துப்பாக்கியோடுதான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். லைசென்சும் இருவருக்கும் அந்த வருடம்தான் கைக்கு வந்திருந்தது. சொன்ன தேதிக்குள் வாங்கிக் காட்டாவிட்டால் மறுபடியும் கலெக்டர் ஆபீஸ் படியை முதலிலிருந்து தேய்க்க வேண்டும். எனக்கு அந்தப் போட்டி வெறியாகப் பிடித்திருந்தது. அப்பாவின் ஆலையில் நான் எதையுமே நன்றாகச் செய்ததில்லை. தட்டு மட்டும் எனக்கு உடைந்தது.

சேலத்துக் கடையில் புதுத் துப்பாக்கிகள் எங்கள் கைக்கு எட்டாத விலையில் இருந்தன. எட்டுகிற விலையில், பழையதாக, இரண்டே இரண்டு. ஒன்று நம் நாட்டில் செய்த இரட்டைக் குழல். கட்டை உலக்கை கனம், அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. இன்னொன்றும் இரட்டைக் குழல்தான், சீமையில் செய்தது, எங்கள் தாத்தாக்களின் வயது இருக்கும். குழல் முழுக்கப் பழுப்பு நிறத்தில் அலை அலையாகக் கோடுகள் ஓடின. பூட்டுத் தகட்டில் இலையும் கொடியும் செதுக்கியிருந்தது. கடைக்காரர் குழலைக் கழற்றி விரலில் தொங்கவிட்டுச் சுண்டினார். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் ஒரு மூச்சு இழுத்து விடலாம். மச்சான் வாயைத் திறந்தபடி நின்றார். நானும்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்கள்தான் புரிந்துகொள்வார்கள். சீமைத் துப்பாக்கி இருவருக்கும் வேண்டும், ஆனால் இரண்டு பேருமே வாய்விட்டுக் கேட்க மாட்டோம். பெண் கொடுத்த வீட்டுக்கும் பெண் எடுத்த வீட்டுக்கும் நடுவில் ஆசையை நேராகச் சொல்லும் வழக்கமில்லை. நீங்க எடுத்துக்கங்க மாப்ள என்று அவர் சொல்ல, வேண்டாமுங்க மச்சான் நீங்க எடுங்க என்று நான் சொல்ல, கடைக்காரர் இரண்டு தடவை டீ வரவழைத்தார். எனக்குப் பதவிசு நாக்கு நுனியில்தான். மச்சானோ அதை மனசாரச் சொன்னார். தம்பிக்கு ஆசை, கொடுத்துவிடலாம் என்று அவர் முடிவு செய்துவிட்டது முகத்திலேயே தெரிந்தது. கடைசியில் வரும் வெள்ளிக்கிழமை சாமிகிட்டப் பூக் கேட்போம், அது சொல்கிறபடி ஆளுக்கொன்று எடுப்போம் என்று எழுந்து வந்தோம்.

பூக் கேட்காமல் எங்கள் பக்கத்தில் ஒரு காரியமும் நடக்காது. கிணறு வெட்ட, பெண் பார்க்க, எதற்கும் கேட்பதுதான். வெள்ளைப் பூவை ஒரு காகிதத்திலும் சிவப்புப் பூவை இன்னொன்றிலும் ஒரே மாதிரி மடித்து, சாமி பாதத்தில் வைத்து, பூசாரியை ஒன்றை எடுக்கச் சொல்வோம். என்ன பூ வருகிறதோ அதுதான் உத்தரவு. மற்றப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கும் வழக்கமில்லை.

நடுவில் ஒரு ஞாயிறு வந்தது. காட்டில் தண்ணீர் முறை என்று மச்சான் வரவில்லை. பட்டாளத்துப் பெரியவரிடம் சீமைத் துப்பாக்கியைப் பற்றி நான் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அலை அலையாகக் கோடு என்றதும் அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"அது முறுக்குக் குழல் தம்பி. இரும்புக் கம்பியும் எஃகுக் கம்பியும் சேத்து முறுக்கி, சுத்தி, அடிச்சுப் பண்றது. அந்தக் காலத்துக் கறுப்பு வெடிமருந்துக்குத்தான் அது தாங்கும். இப்ப வர்ற தோட்டாவப் போட்டா ஒரு நாள் இல்ல ஒரு நாள் கிழியும். செவுத்துல மாட்டி அழகு பாரு, தோள்ல வெக்காதே."

பஸ்ஸில் திரும்பும்போது கணக்குப் போட்டேன். மச்சானிடம் சொன்னால் சீமைத் துப்பாக்கியை அவரும் வேண்டாமென்பார். மிஞ்சுவது ஒன்று, ஆள் இரண்டு. அக்கா புருஷன் இருக்கும்போது அது எனக்கு என்று கை நீட்ட முடியாது, அவரே கொடுத்தாலும் அப்பா வாங்க விடமாட்டார், நான் தையில் கோயமுத்தூரில் கை தட்டிக்கொண்டு நிற்பேன். சொல்லாமல் நானே விட்டுக்கொடுத்தாலோ, அவர் விடமாட்டார், அதையே என் தலையில் கட்டுவார். அவருடைய நல்ல மனசுதான் எனக்கு இடைஞ்சலாக இருந்தது. ராசிபுரம் வருவதற்குள் என்ன செய்வதென்று தெரிந்துவிட்டது. அவ்வளவு சீக்கிரம் தெரிந்ததுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

வெள்ளிக்கிழமை குன்றுக்கோயில் மண்டபத்தில் மச்சான் கைகால் கழுவப் போயிருந்தபோது, வெள்ளைப் பூ வந்தால் சீமைத் துப்பாக்கி மச்சானுக்கு, சிவப்பு வந்தால் எனக்கு என்று பேசி வைத்திருந்த பொட்டலங்களை நான் மடித்தேன். இரண்டிலும் நந்தியாவட்டை. கொண்டுபோயிருந்த சிவப்பு அரளியைத் தூணுக்குப் பின்னால் போட்டேன். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். மச்சான் கண்ணில் தண்ணீர் நின்றது. சாமியே தனக்குக் கொடுத்ததாக நினைத்தார். மற்றப் பொட்டலத்தை நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

இறங்கும்போது என் தோளில் கை போட்டுக்கொண்டு, உங்களுக்கு வருத்தமில்லையே மாப்ள என்று இரண்டு தடவை கேட்டார். இல்லைங்க மச்சான், சாமி சொன்னா சரிதானுங்க என்றேன். அப்போது அந்தக் கையில் ஐந்து விரலும் இருந்தன.

பிற்பாடு சொல்லிக்கொள்ளலாம், பழைய கறுப்பு மருந்துத் தோட்டா தேடி வாங்கித் தரலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு தடவை, காரம் கம்மியான தோட்டாவாப் போடுங்க மச்சான், பழசு பாருங்க என்று போகிறபோக்கில் சொல்லியும் வைத்தேன். அவர் கரும்புக் காட்டில் நாலைந்து தடவை சுட்டார், ஒன்றும் ஆகவில்லை. பட்டாளத்துப் பெரியவர் அந்த மாதமே மகள் வீட்டுக்குப் போனவர் அங்கேயே காலமாகிவிட்டார். அவர் செத்த செய்தி வந்தபோது எனக்கு மனசு லேசானது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

மார்கழி ஞாயிறு ஒன்றில் மச்சான் அதை ஏரிக்குக் கொண்டுவந்தார். எல்லாரும் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். ரொம்பப் பழசா இருக்குதே, தாங்குமா என்று மில் முதலாளி இழுத்தார். சாமி குடுத்ததுங்க என்று மச்சான் சிரித்தார். அதற்கு மேல் யார் பேசுவார்கள்? நான் செய்த புரட்டு என் வாயை மட்டுமல்ல, அங்கிருந்த எல்லார் வாயையும் கட்டிவிட்டது. புதிதாக வந்திருந்த தோட்டாப் பெட்டியை முதலாளி உடைத்து ஆளுக்கு ஐந்து கொடுத்தார். எந்திரத்துக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

முதல் தட்டு உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. அவர் அவ்வளவு நன்றாகச் சுட்டு நான் பார்த்ததில்லை. மூன்றாவதற்கு அவர் தோளில் ஏற்றிக்கொண்டு நின்றபோது, நிறுத்துங்க மச்சான் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே இருந்தது. வெயில் கண்ணில் அடிக்கிறதென்று அவர் தொப்பியைச் சரிசெய்து, காலை மாற்றி வைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போடுங்க மாப்ள."

இழுத்தேன். தட்டு உடையாமல் நேராகப் போய் ஏரிக்குள் விழுந்தது. நான் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியபோது மச்சான் நின்றுகொண்டேதான் இருந்தார். இடது குழல் பக்கவாட்டில் கிழிந்து விரிந்திருந்தது. அவர் கத்தவில்லை. கையைப் பார்த்துவிட்டு, பிறகு என்னைப் பார்த்து, "மாப்ள, இதப் பாருங்க" என்றார், என்னவோ செருப்பு வார் அறுந்துபோன மாதிரி. அந்தக் குரலைத்தான் நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆலையில் தனியாக இருக்கும்போது, பஸ்ஸில் பக்கத்து ஆள் எதையாவது காட்டும்போது, வேண்டாத நேரத்திலெல்லாம் கேட்கும்.

சேலத்து ஆஸ்பத்திரிக்கு அக்கா வந்து சேர்ந்ததும் நேராக மச்சானிடம் போகவில்லை. வராந்தாவில் நின்ற என் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள். சின்ன வயசிலிருந்தே என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவாள்.

"நல்ல வேளை சாமி, உனக்கு அந்தப் பூ வரல. ஊட்டுக்கு ஒரே பையன், உனக்கு ஆயிருந்தா அம்மா உசுரோட இருக்குமா?"

சொல்லிவிட்டு, புருஷனை உள்ளே படுக்கையில் வைத்துக்கொண்டு இப்படிப் பேசிவிட்டோமே என்று அவளே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மச்சான் தேறிவிட்டார். மோட்டார் சைக்கிளின் கிளட்சை இரண்டு விரலால் பிடிக்க முடியாமல் வண்டியை விற்றார். கரும்புக் கட்டை இறுக்கி முடிபோட ஆள் வேண்டியிருந்தது. சட்டைப் பொத்தானை அக்கா போட்டுவிட்டாள். மற்றபடி சிரித்த முகம்தான். ஜாதகத்தைக் கொண்டுபோய்க் காட்டியதில் அந்த மார்கழியில் உயிர்க் கண்டம் இருந்ததாகச் சொன்னார்களாம். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு, சாமி உசுரை விட்டுட்டு விரலை மட்டும் எடுத்துக்கிச்சு, அதுக்குத்தான் அந்தத் துப்பாக்கியை எனக்குக் குடுத்துச்சு என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன்.

கோயமுத்தூர்ப் போட்டிக்கு நான் போகவில்லை. உலக்கைத் துப்பாக்கியைத் தோளில் வைத்தாலே இடது கை தானாகப் பின்வாங்கிக்கொண்டது. தேர்தல் வரும்போதெல்லாம் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், அங்கேயே தொலைத்துவிட மாட்டார்களா என்று இருக்கும். போலீஸ்காரர்கள் துடைத்துப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். நம் நேரம் அப்படி.

விருந்துக்குப் போனால் அந்தக் கைக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காரப் பழகிக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்தால் இன்னும் கிட்டத்தில் தெரிந்தது. எங்கள் ஆலைக் களத்தில் ஜவ்வரிசியை அளைகிறபோது யாராவது கையைப் புதைத்து எடுத்தால் விரலை எண்ணுவேன். என் பிள்ளைகள் பிறந்தபோது நர்சு கொண்டுவந்து காட்டினாள், முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் துணியை விலக்கி இடது கையைப் பிரித்துப் பார்த்தேன். ஆண் பிள்ளையா பெண் பிள்ளையா என்று பார்க்கிறான் பார் என்று எல்லாரும் சிரித்தார்கள்.

வருடா வருடம் மார்கழி முடிவதற்குள் மச்சான் குன்றுக்கோயிலுக்கு ஏறி அர்ச்சனை செய்வார். என்னையும் கூட்டிப்போவார். நீங்க மடிச்சுக் குடுத்துத்தானே சாமி எடுத்துச்சு, நீங்க இல்லாம ஏறுனா செல்லாது மாப்ள என்பார். முதல் இரண்டு வருடம் காய்ச்சல் என்றேன். பிறகு சாக்குச் சொல்லவும் தெம்பில்லை. அவர் கண்ணை மூடிக் கும்பிடுகிற நேரத்தில் நான் தூணுக்குப் பின்னால் பார்ப்பேன். அங்கே என்ன இருக்கும், குப்பையும் எண்ணெய்ப் பிசுக்கும்தான். இருந்தாலும் பார்ப்பேன்.

எண்பதுகளின் கடைசியில், ஒன்பதாவது மார்கழியில் ஏறியபோது, பாதி தூரத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தினார். கோயிலுக்குப் புதுக் கல்படி போட்டிருந்தார்கள். ஒவ்வொரு படியிலும் உபயம் என்று கொடுத்தவர் பெயர் வெட்டியிருந்தது. காலடியில் இருந்த படியில் முதலில் அவர் பெயர், கீழே என் பெயர். என்னிடம் சொல்லாமல் அவரே பணம் கட்டியிருந்தார். விரல் இல்லாத கையால் என் பெயரின் மேல் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு, நல்லா இருக்குதுங்களா மாப்ள என்று கேட்டார்.

படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெரியவர் சொன்னது, பஸ்ஸில் போட்ட கணக்கு, இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டை, எல்லாம். பாதியிலேயே அழுகை வந்துவிட்டது. அழ அழ நெஞ்சில் அடைத்திருந்தது கரைந்தது. அந்தச் சுகத்தையும் மறைப்பதற்கில்லை.

மச்சான் தேங்காய் பழக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். கோபப்படுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு ஒன்று கேட்டார்.

"அந்த இன்னொரு பொட்டலத்த என்ன பண்ணுனீங்க?"

"சட்டைப் பையில போட்டுக்கிட்டேனுங்க."

தலையை ஆட்டினார். மேலே ஏறிக்கொண்டிருந்த குடும்பம் ஒன்றுக்கு வழிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஒம்பது வருசமா சாமி எடுத்ததுன்னு நெனச்சுத் தூங்கிட்டு இருந்தனுங்க மாப்ள. இத எதுக்கு எங்கிட்டச் சொன்னீங்க? உங்களுக்குப் பாரம் எறங்கிருச்சு. நான் இனி இத எங்க கொண்டுபோயி எறக்கறது?"

கூடையைப் படியிலேயே வைத்துவிட்டு எழுந்தார். நான் மேலே போவார் என்று நினைத்தேன். அவர் கீழே இறங்கினார். வயசாளியைப் போல ஒவ்வொரு படியாக, பக்கவாட்டில் கால் வைத்து இறங்கினார். நான் பின்னால் போகவில்லை.

யாரிடமும் அவர் சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. விசேஷங்களுக்கு முன்போலவே வருகிறார், வாங்க மாப்ள என்கிறார், கிழங்கு விலை விசாரிக்கிறார். கண்டம், தலைப்பாகை என்று பேசுவது நின்றுவிட்டது. யாராவது கையைப் பற்றிக் கேட்டால், துப்பாக்கி பழசுங்க என்பதோடு முடித்துக்கொள்கிறார்.

அடுத்த மார்கழியில் அக்கா என்னைத் தேடி ஆலைக்கு வந்தாள். வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"உங்க மச்சான் கோயலுக்கு ஏற மாட்டேங்கறாரு சாமி. ஊட்டுல வெளக்கு வெச்சாக்கூட எந்திரிச்சு வெளிய போயிர்றாரு. என்ன ஆச்சுன்னு கேட்டா வாயத் தொறக்கறதில்ல. நீ கொஞ்சம் பேசிப் பாரு. நீ சொன்னா மட்டுந்தான் கேப்பாரு."

சரி, பேசறேன் என்று சொல்லி அனுப்பினேன்.